டர்பனுக்குக் குடும்பத்தோடு வருகிறீர்களா? எதற்குப் பயப்படலாம், எதற்கு வேண்டாம்

கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வேலை மாற்றலாகி ஜூன் மாதம் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வருகிறார். மனைவியும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் கூட வருகிறார்கள். காட்டு மிருகம் ஊருக்குள் வருமா, கடலில் சுறா இருக்கிறதாமே பிள்ளைகளை இறக்கலாமா, பாம்பு அதிகமா, ஜூன் மாதத்தில் குளிர் என்பது உண்மையா, வெளியே போய்வர என்ன வழி, தமிழ் பேச ஆள் கிடைக்குமா, பள்ளிக்கூடம் எப்படி என்று ஒரே மூச்சில் ஏழு கேள்வி. நான் தூத்துக்குடிக்காரன், இங்கே ஒரு பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் நடுநடுவே பாடம் நடத்துகிற வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் பயப்படுவது இரண்டுக்கு: சிங்கம், சுறா. என்னைக் கேட்டால் பயப்பட வேண்டியவற்றின் வரிசையில் இந்த இரண்டும் கடைசியில்தான் வரும். முன்வரிசையில் இருப்பவை கடலின் உள்ளிழுப்பு, ராத்திரியில் தெருவில் தனியாக நடப்பது, மழைக்காலத்து ஆறு, தோட்டத்துப் பாம்பு, நாய்க்கடி. சிங்கம், யானை, எருமையெல்லாம் வேலி போட்ட சரணாலயத்துக்குள் இருக்கின்றன. பணம் கொடுத்து, விடிகாலையில் எழுந்து, பல மணி நேரம் வண்டியில் சுற்றினால்கூடச் சிங்கத்தைப் பார்க்காமல் திரும்புகிறவர்கள்தான் அதிகம்.

சரி, கடலுக்கு வருவோம். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டர்பன் கடல் வருடம் முழுக்கக் குளிக்கக்கூடிய சூட்டில் இருக்கும். நடுக் குளிர்காலத்தில்கூடத் தண்ணீர் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். காரணம் அகுல்ஹாஸ் நீரோட்டம். பூமத்தியரேகைப் பக்கத்து வெந்நீரை அள்ளிக்கொண்டு கிழக்குக் கரையோரமாகத் தெற்கே பாய்கிற ஓட்டம் இது; வேகமான இடங்களில் விநாடிக்கு 2 மீட்டர் வரை போகும். இதே அட்சரேகையில் நாட்டின் மேற்குக் கரையில் போர்ட் நொலோத் என்று ஒரு சின்னத் துறைமுகம் இருக்கிறது. அங்கே ஓடுவது தெற்கிலிருந்து வரும் குளிர்ந்த பெங்குவேலா ஓட்டம். டர்பனில் வருடத்துக்கு ஏறக்குறைய 1000 மி.மீ. மழை, போர்ட் நொலோத்தில் 100 மி.மீ.கூடக் கிடையாது. சூரியன் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். பக்கத்துக் கடல் சூடா குளிரா என்பதுதான் ஒன்றைக் கரும்புக்காடாகவும் இன்னொன்றைப் பாலைவனமாகவும் ஆக்கியது.

இந்த நீரோட்டத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. தென்மேற்கிலிருந்து புயல் அலை வரும்போது, எதிரே பாயும் ஓட்டம் அதைத் தடுத்து, அலைக்கும் அலைக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் குறைத்துச் செங்குத்தாக நிமிர்த்திவிடும். 1909 ஜூலையில் வாராட்டா என்ற பெரிய பயணிக் கப்பல் டர்பனிலிருந்து 211 பேரோடு கேப்டவுனுக்குப் புறப்பட்டது. போய்ச் சேரவில்லை. எத்தனையோ தேடியும் இன்றுவரை அதன் உடைந்த பாகம் என்று உறுதியாகச் சொல்லும்படி எதுவும் கிடைக்கவில்லை.

இப்போது சுறா. 1943 முதல் 1952 வரை டர்பன் கடற்கரையில் மட்டும் ஏழு பேர் சுறாவால் இறந்தார்கள். 1952இல் வலை கட்டினார்கள். அதன்பிறகு வலை கட்டிய டர்பன் கடற்கரைகளில் சுறாவால் ஒரு சாவுகூட இல்லை. தெற்குப் பக்கத்து ஊர்களுக்கு வலை வரும் முன்பே 1957 டிசம்பர் வந்துவிட்டது. அந்த ஒரு கோடைக்காலத்தில் அடுத்தடுத்து நடந்த தாக்குதல்களால் விடுமுறைக்கு வந்த கூட்டம் மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. சுறாத் தடுப்புக்கென்று 1964இல் தனி வாரியமே அமைத்தார்கள். அதன் தலைமையகம் டர்பனுக்கு வடக்கே ஒட்டியிருக்கும் உம்ஷ்லாங்காவில் இருக்கிறது.

பலரும் நினைக்கிற மாதிரி அந்த வலை கடலுக்குக் குறுக்கே போட்ட வேலி இல்லை. ஒவ்வொரு வலையும் சுமார் 214 மீட்டர் நீளம், 6 மீட்டர் ஆழம். கரையிலிருந்து ஏறக்குறைய அரை கிலோமீட்டர் தள்ளி, இடைவெளி விட்டுக் கட்டியிருக்கிறார்கள். சுறா மேலே வரலாம், கீழே வரலாம், சுற்றிக்கொண்டும் வரலாம். வலையில் மாட்டுகிறவற்றில் ஒரு பங்கு கரைப்பக்கமிருந்து திரும்பிப் போகும்போதுதான் மாட்டுகிறது! அப்படியானால் வலை எப்படி வேலை செய்கிறது? நம்மூரில் செவுள்வலை வேலை செய்வது போலத்தான். கரையோரம் சுற்றும் பெரிய சுறாக்களின் எண்ணிக்கையைப் பிடித்துக் குறைக்கிறது. அதற்கான விலையையும் சொல்ல வேண்டும். டால்பின், ஆமை, திருக்கை, மனிதனை ஒன்றும் செய்யாத சுறா எல்லாம் அதில் செத்துப்போகின்றன. வலையை எடுத்துவிட்டுத் தூண்டில் மிதவையும் வேறு முறைகளும் போதும் என்று ஒரு தரப்பு வாதாடுகிறது. சில இடங்களில் வலைக்குப் பதில் அந்த மிதவைகள் வந்தும்விட்டன. எனக்கும் அந்தப் பக்கம்தான் சாய்வு.

உங்களுக்கு வேண்டியது இதுதான்: ஆற்று முகத்துவாரத்தில் குளிக்கக் கூடாது, மழை பெய்து தண்ணீர் கலங்கலாக இருக்கும்போது இறங்கக் கூடாது, பொழுது சாய்ந்தபின் கூடாது. இங்கே ஸாம்பேசி என்று அழைக்கப்படும் காளைச் சுறா கலங்கல் தண்ணீரில் நன்றாக வேட்டையாடும், ஆற்றுக்குள்ளும் ஏறிப் போகும். கலங்கல் தண்ணீருக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 2022 ஏப்ரலில் ஒரே நாளில் சில இடங்களில் 300 மி.மீ. மழை கொட்டி, 400க்கும் மேற்பட்டோர் இறந்த பெருவெள்ளத்தில் கழிவுநீர் நிலையங்கள் சேதமாயின. கடலில் கிருமி கலந்து பல கடற்கரைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. கனமழைக்குப் பின் கடற்கரை திறந்திருக்கிறதா என்று மாநகராட்சி அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

உண்மையில் ஆளைக் கொல்வது உள்ளிழுப்புதான். அலைகள் கரையில் கொண்டுவந்து குவித்த தண்ணீர் ஒரு குறுகிய வாய்க்கால் வழியாகத் திரும்பக் கடலுக்கு ஓடும். மேலே பார்த்தால் அந்த இடத்தில் அலை உடையாது, அமைதியாகத் தெரியும். நீச்சல் தெரியாதவர்கள் ‘இங்கே அலை கம்மியா இருக்கு’ என்று அங்கேதான் இறங்குவார்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தக் கூடாது, பக்கவாட்டில் நீந்த வேண்டும். வாய்க்காலைத் தாண்டியதும் அலையே கரைக்குக் கொண்டுவந்துவிடும். சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவில், உயிர்காப்பாளர் பார்வையில் குளித்தால் போதும். கரைப்பக்கம் காற்றடிக்கும் நாட்களில் புளூபாட்டில் என்ற நீலநிறச் சொறிமீன் ஒதுங்கும். அதன் வால் நூல் பட்டால் சுரீர் என்று எரியும். ஒட்டிய நூலை எடுத்துவிட்டு, பொறுக்கக்கூடிய சூட்டு வெந்நீரில் 20 நிமிடம் வைத்தால் வலி அடங்கும். சிறுநீர் விடச் சொல்லும் வைத்தியத்தை நம்பாதீர்கள்.

நீங்கள் வருகிற மாதத்தில் இன்னொரு விசேஷம் இருக்கிறது: மத்தி ஓட்டம். நாங்கள் தூத்துக்குடியில் சாளை என்போமே, அந்தக் குடும்பத்து மீன்தான், இனம் வேறு. மே முதல் ஜூலை வரை, கரைக்கும் வெந்நீர் ஓட்டத்துக்கும் நடுவில் குளிர்ந்த தண்ணீர் ஒரு பட்டையாக வடக்கு நோக்கி நீளும். அந்தப் பட்டைக்குள் கோடிக்கணக்கான மத்தி வரும். பின்னாலேயே டால்பின், சுறா, திமிங்கிலம், மேலிருந்து அம்பு போலப் பாயும் கேனட் பறவை. சுறாக்கள் கூட்டமாக மாட்டிச் சாகாமலிருக்க இந்த நாட்களில் வாரியமே வலையைத் தூக்கிவிடும். அப்போது குளிக்கத் தடை. கூட்டம் கரைக்கு நெருங்கினால் கரைவலைக்காரர்கள் படகில் சுற்றி வளைத்துக் கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள், ஊரே வாளியோடு ஓடிவரும். முதல் நாள் பெட்டியின் விலை வானத்தில் இருக்கும். நாலு நாள் பொறுத்தால் இறங்கிவிடும். அந்தக் கரைவலைத் தொழிலில் தலைமுறை தலைமுறையாக நம்மவர்கள் இருக்கிறார்கள். ஒப்பந்தம் முடிந்த கரும்புத்தோட்டக் கூலிகளில் சிலர் டர்பன் உப்பங்கழியில் குடிசை போட்டு மீன்பிடித்தார்கள். பின்னால் நிறவெறிச் சட்டங்கள் அவர்களை அங்கிருந்து கிளப்பிவிட்டன.

மத்தி ஏன் வருகிறது என்பதற்கு நெடுநாள் சரியான விடை இல்லாமல் இருந்தது. வெந்நீர்ப் பக்கத்து மீன் முட்டையிடத் தன் ஊருக்குத் திரும்புகிறது என்று நினைத்தார்கள். 2021இல் வந்த மரபணு ஆய்வு அதைப் புரட்டிப்போட்டது. ஓட்டத்தில் வருபவை பெரும்பாலும் அட்லாண்டிக் பக்கத்துக் குளிர்நீர் மத்திகள். குளிர்ந்த பட்டை தென்பட்டதும் தங்கள் கடல் என்று நம்பி உள்ளே வந்துவிடுகின்றன. பட்டை முடியும் இடத்தில் முன்னால் வெந்நீர், பின்னால் வேட்டைக் கூட்டம். ஆய்வாளர்கள் இதைச் சூழலியல் பொறி என்றே எழுதினார்கள். இவ்வளவு பெரிய இடப்பெயர்ச்சியால் அந்த மீனுக்கு லாபம் ஒன்றும் இல்லை என்பதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள்.

அதே ஜூன் முதல் நவம்பர் வரை கூன்முதுகுத் திமிங்கிலங்கள் கரையோரமாக மேலும் கீழும் போய்வரும். உம்ஷ்லாங்கா நடைபாதையில் நின்றாலே தண்ணீர் பீய்ச்சுவது தெரியும். 1975 வரை டர்பனில் திமிங்கில வேட்டை நடந்தது. கொன்ற திமிங்கிலத்தைத் துறைமுகத்தில் கரையேற்றி, ரயில் பெட்டியில் ஏற்றி, ப்ளஃப் மேட்டுக்கு அப்பாலிருந்த ஆலைக்குக் கொண்டுபோவார்களாம். காற்று திரும்பினால் ஊர் மூக்கைப் பொத்தும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள்.

குளிர் விஷயம். ஜூன், ஜூலையில் டர்பன் பகலில் 22, 23 டிகிரி, ராத்திரி 11, 12. கோவை டிசம்பரைவிட ஆறேழு டிகிரி குறைவு, அவ்வளவுதான். வீட்டில் சூடேற்றும் வசதி இருக்காது. கம்பளி, ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர் போதும். ஜோஹன்னஸ்பர்க் போனால் கதை வேறு, அது கடல் மட்டத்திலிருந்து 1750 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகாமல் உயிரை எடுக்கும். குக்கர் கொண்டுவாருங்கள். டர்பனில் ஜூலை மாதத்தில் திடீரென்று ஒருநாள் 30 டிகிரி அனல் காற்று அடித்தால் பதறாதீர்கள். உள்நாட்டு உயர்மேட்டிலிருந்து காற்று கடலை நோக்கி இறங்கும்போது அழுத்தம் கூடி, 1000 மீட்டருக்குச் சுமார் 10 டிகிரி வீதம் சூடேறும். மறுநாளே குளிர்ந்த தென்காற்று வந்து பாதியாகக் குறைத்துவிடும். சளி பிடிப்பது அன்றைக்குத்தான்.

பிள்ளைகளுக்கு ஒரு சின்ன வேடிக்கை காட்டுங்கள். இங்கே நண்பகல் சூரியன் எப்போதும் வடக்கில்தான் நிற்கும். டர்பன் மகரரேகைக்கும் தெற்கே இருப்பதால் வருடத்தில் ஒருநாள்கூட உச்சிக்கு நேரே வராது. நிழல் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். அதனால் வீடு பார்க்கும்போது வாஸ்து கீஸ்து எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, வடக்குப் பார்த்த வரவேற்பறை இருக்கிறதா என்று பாருங்கள். குளிர்கால வெயில் அங்கேதான் விழும். ராத்திரி வானத்தில் துருவ நட்சத்திரம் கிடையாது. அருந்ததி அடிவானத்திலிருந்து ஐந்து டிகிரிக்குச் சற்று மேல்தான் ஏறும். ஊர் வெளிச்சத்தில் கண்ணுக்குப் படாது. ஆனாலும் டர்பன் கல்யாணங்களில் ஐயர் அருந்ததி காட்டத்தான் செய்கிறார். (நம்மூரிலும் பகல் பன்னிரண்டு மணிக்கு மண்டபக் கூரையைத்தானே காட்டுகிறார்கள்.) அதற்குப் பதிலாக அகத்திய நட்சத்திரம் இருக்கிறது. சென்னையில் தெற்கே 24 டிகிரி உயரம் ஏறி இறங்கிவிடும் அது, இங்கே 67 டிகிரி ஏறிக் கோடை இரவுகளில் தலைக்கு மேல் ஜொலிக்கும். அகத்தியர் தெற்கே போனார் என்பது எனக்கு இங்கே வந்த பிறகுதான் கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது.

பாம்பு உண்டா என்றால், உண்டு. டர்பன் ஒரு காட்டை வெட்டிக் கட்டிய நகரம். வெஸ்ட்வில், ரெசர்வாயர் ஹில்ஸ் மாதிரியான இந்தியர்கள் நிறைய வசிக்கும் பகுதிகளில் வீட்டுக்குப் பின்னாலேயே பள்ளத்தாக்கும் புதரும் ஓடும். அங்கே கறுப்பு மாம்பா இருக்கிறது. பெயர்தான் கறுப்பு; உடம்பு சாம்பல் அல்லது வெளிர் பழுப்பு, வாய்க்குள்தான் மைக்கறுப்பு. இரண்டு மூன்று மீட்டர் நீளம் வளரும். ஆளைக் கண்டால் ஒதுங்கிப் போகப் பார்க்கும். மூலையில் மடக்கினால்தான் திரும்பும். கடித்தால் மூச்சுத் தசைகள் முடங்கும். கட்டுப் போட, கீறிவிட, நாட்டு மருந்து தேட நேரமில்லை. நேரே பெரிய மருத்துவமனை. நம்மூர் விஷமுறிவு மருந்து இந்தப் பாம்புகளுக்குப் பலிக்காது, இங்கே தயாராவது வேறு. வீட்டுக்குள் வருகிறதில் நான் அதிகம் கவனிக்கச் சொல்வது உமிழ் நாகத்தை, ஸூலு மொழியில் இம்ஃபேஸி. தூங்குகிறவர்களைக் கூடக் கடிக்கும் வழக்கம் அதற்கு உண்டு. கண்ணைப் பார்த்துத் துப்பும். துப்பிவிட்டால் குழாயைத் திறந்து நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு டாக்டரிடம் போங்கள். கதவுக்கு அடியில் இடைவெளி இல்லாமல் பார்த்துக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது. தோட்டத்தில் பச்சையாக ஒல்லியாக ஒன்று மரமேறினால் பெரும்பாலும் அது விஷமில்லாத புள்ளிப் புதர்ப்பாம்பு. பச்சை மாம்பா என்று நினைத்துப் பாவம் அதை அடித்துக் கொல்கிறார்கள். எதுவானாலும் நீங்கள் கிட்டே போகாதீர்கள். ஒவ்வொரு பகுதியிலும் பாம்பு பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். வந்த முதல் வாரத்திலேயே அக்கம்பக்கத்தில் எண் வாங்கிவையுங்கள்.

தெருநாய் கடித்தால் அலட்சியம் வேண்டாம். இந்த மாகாணத்தில் வெறிநாய்க்கடி நோய் இன்னும் இருக்கிறது. சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

குரங்கு சமையலறைச் சங்கதி. இங்கே இருப்பது வெர்வெட், சாம்பல் உடம்பும் கறுப்பு முகமுமான சின்னக் குரங்கு. வாழைப்பழத்தை மேசையில் வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்துவைத்தால் அழைப்பிதழ் கொடுத்ததாக அர்த்தம். சோறு போடாதீர்கள், அனுமார் என்று கும்பிட்டுப் போடுகிற பாட்டிகளால்தான் தெருவே கஷ்டப்படுகிறது. ஆனால் கவனித்துப் பாருங்கள். கென்யாவில் இதே குரங்குகளை ஆராய்ந்தவர்கள், சிறுத்தைக்கு ஒரு கூச்சல், கழுகுக்கு ஒன்று, பாம்புக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்திருப்பதை 1980இல் வெளியிட்டார்கள். சிறுத்தைக் கூச்சலைப் பதிவு செய்து போட்டால் மரத்தில் ஏறின, கழுகுக் கூச்சலுக்கு மேலே பார்த்தன, பாம்புக் கூச்சலுக்கு எழுந்து நின்று தரையைப் பார்த்தன. என் தோட்டத்தில் குரங்குகள் கூட்டமாகத் தரையைப் பார்த்துக் கத்தினால் நான் அந்தப் பக்கம் போவதில்லை.

விடிகாலையில் யாரோ தகர டப்பாவைக் கிழிப்பது போலக் கத்தினால் அது ஹடீடா, அரிவாள்மூக்கன் இனம். முதல் வாரம் தூக்கம் போகும். ஈரப் புல்வெளியில் மூக்கைச் செருகிப் புழு எடுக்கும் அதன் அலகு நுனியில் மண்ணதிர்வை உணரும் உறுப்பு இருக்கிறது. மைனா நம்மூரிலிருந்து கூண்டில் வந்து பறந்துபோனது. நம்மூர்க் காகம் கப்பலேறித் தானாகவே வந்தது. இங்குள்ள பறவைகளின் முட்டையைத் தின்பதால் அதைக் குறைக்க வேலை நடக்கிறது. அமாவாசைச் சோற்றுக்கு மார்பு வெளுத்த உள்ளூர்க் காகம் வரும், வந்தால் சந்தோஷப்படுங்கள்.

மிருகம் பார்க்கப் போவதென்றால் ஹ்லுஹ்லுவே–இம்ஃபோலோசி, வடக்கே நாலு மணி நேரத்துக்குள். 1895இல் அறிவித்த சரணாலயம். அந்தக் காலத்தில் உலகத்திலேயே தெற்கத்தி வெள்ளைக் காண்டாமிருகம் நூறுகூட இல்லை, இருந்தவை இங்கே மட்டும்தான். 1960களில் இயன் பிளேயர் குழுவினர் மயக்க ஊசி போட்டுப் பிடித்து மற்ற சரணாலயங்களுக்கு அனுப்பினார்கள். இன்றைக்கு எங்கே தெற்கத்தி வெள்ளைக் காண்டாமிருகம் பார்த்தாலும் அதன் பாட்டன் பூட்டன் இம்ஃபோலோசிக்காரர்தான். கொம்பில்லாமல் நின்றால் ஏமாற வேண்டாம். திருட்டு வேட்டையைத் தடுக்க 2024 முதல் நிர்வாகமே கொம்பை அறுத்துவிடுகிறது. நகம் வெட்டுவது மாதிரிதான், திரும்ப வளரும். அப்புறம் செயின்ட் லூசியா. அந்த ஊரில் ராத்திரியானால் ஏரியிலிருந்து நீர்யானை எழுந்து தெருப் புல்லை மேய வரும். நிஜமாகவே தெருவில். பார்க்கச் சாது போலிருக்கும். தண்ணீருக்கும் அதற்கும் நடுவில் நீங்கள் நின்றால் தீர்ந்தது கதை, ஓடி ஜெயிக்க முடியாது. இருட்டியபின் சாப்பிடப் போனாலும் வண்டியில் போங்கள். மாருலாப் பழம் தின்று யானை போதையில் ஆடுகிறது என்று வழிகாட்டி சொன்னால் சிரித்துவையுங்கள். யானையின் எடைக்குப் போதையேற அந்தப் பழம் போதாது என்று கணக்குப் போட்டுச் சொன்னவர்கள் உண்டு.

ஊருக்குள் போய்வர வேன் டாக்சிதான் பெரும்பாலோர் பயன்படுத்துவது. பதினாறு பேர், கைச் சைகையில் நிறுத்த வேண்டும், காசை முன்னால் கைமாற்றிக் கொடுப்பார்கள். பகலில் பழகிக்கொள்ளலாம், குடும்பத்தோடு என்றால் செயலியில் கூப்பிடும் கார் அல்லது சொந்த வண்டி. ஓட்டுவது நம்மூர் போல இடப்பக்கம். சிக்னல் இல்லாத நாற்சந்தியில் முதலில் வந்து நின்றவர் முதலில் போவார், அதை எல்லோரும் மதிக்கிறார்கள் என்பது நமக்கு அதிர்ச்சியாகவே இருக்கும். சிக்னலில் நிற்கும்போது ஜன்னலை ஏற்றி, கைபேசியையும் பையையும் காலடியில் வையுங்கள். ராத்திரி நடக்காதீர்கள், பத்து நிமிடத் தூரமானாலும். இதில் நான் பெரிதுபடுத்தவில்லை. கைபேசியிலிருந்து அவசரத்துக்கு 112.

தமிழ் விஷயத்தில் எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொண்டு வாருங்கள். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை இறக்கியது. 1911 வரை வந்த ஒன்றரை லட்சம் பேரில் பெரும்பகுதி சென்னை மாகாணத்தார். பேரப்பிள்ளைகள் இன்று வீட்டில் ஆங்கிலம் பேசுகிறார்கள். தமிழில் பேசினால் பாட்டிமார் கண் விரியும், இளைஞர்கள் சிரித்துவிட்டு ஆங்கிலத்துக்கு மாறுவார்கள். பக்தி மட்டும் துளி குறையவில்லை. நீங்கள் வந்து ஒரு மாதத்தில் ஆடி. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். தெரு தெருவாகக் கோயில்களில் நடக்கும், அங்கே போனால் ஒரே நாளில் பத்து அத்தை மாமா கிடைப்பார்கள். தைப்பூசக் காவடி இங்கே கொதிக்கும் கோடையில். தமிழ் வகுப்புகளைக் கோயில்களும் சங்கங்களும் வாரக் கடைசியில் நடத்துகின்றன, பிள்ளைகளை அனுப்புங்கள். அப்புறம் பன்னி சௌ (bunny chow) என்ற இந்த ஊர்ச் சாப்பாடு. பாதி ரொட்டியின் உள்ளைத் தோண்டிக் குழம்பை ஊற்றித் தருவார்கள். கையால்தான் தின்ன வேண்டும். மரக்கறிக்காரர் என்றால் பீன்ஸ் குழம்பு கேளுங்கள். உள்ளூர் மசாலா நம்முடையதைவிடச் சிவப்பு, காரமும் அதற்கேற்ப. கறிவேப்பிலை, புளி, முருங்கைக்காய் எல்லாம் கிடைக்கும். பொடி மூட்டை தூக்காதீர்கள்.

விமானத்தில் ஆப்பிரிக்க ஊர் எதிலாவது மாறி வந்தால் ஒன்றைப் பாருங்கள்: மஞ்சள் காய்ச்சல் பகுதி விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள், அதைப் பத்து நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். வளைகுடா வழி வந்தால் அந்தத் தொல்லை இல்லை. டர்பனில் மலேரியா கிடையாது. மாகாணத்தின் வடகோடிக்கும் குரூகர் தேசியப் பூங்காவுக்கும் போகும்போதுதான் மாத்திரை பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழைக் கைப்பையில் வையுங்கள். இங்குள்ள சுவர்ப் பிளக்கில் நம்மூர் கீசர், ஏசிக்குப் போடும் பெரிய மூன்று முள் பிளக் அப்படியே பொருந்தும். மிக்சி, கிரைண்டருக்கு அந்த அளவு பிளக்கை ஊரிலேயே மாற்றிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும், நாலு பருவம். ஜூனில் வந்தால் நடு ஆண்டு விடுமுறை பக்கத்தில் இருக்கும். மூன்றாம் பருவம் ஜூலையில் திறக்கும்போது சேர்ப்பது வசதி. நம்மூரில் ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை இங்கே ஐந்தின் நடுவிலேயோ ஆறின் நடுவிலேயோ போடுவார்கள். ஐந்தில் போட்டால் சண்டைக்கு நிற்காதீர்கள். இரண்டாம் மொழியாக ஸூலு அல்லது ஆஃப்ரிகான்ஸ் படிக்க வேண்டியிருக்கும், அதைப் பிடிக்க அந்த அரை வருடம் உதவும். ஸூலுவையே எடுக்கச் சொல்வேன். இந்த மாகாணத்தில் கடைத்தெருவிலும் விளையாட்டு மைதானத்திலும் பேச்சு அதில்தான். இடம் கிடைப்பது பெரும்பாலும் வீட்டு விலாசத்தை வைத்து என்பதால், வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் பக்கத்துப் பள்ளிக்கு ஒருமுறை போன் செய்து கேட்டுவிடுங்கள்.